அக்கா மவன வடக்க ஃபுட்பால் அகாடமிக்கு அனுப்பலாமா? அண்டர் 17 பசங்க கதைய வச்சு சொல்லுங்க

பாளை_லெஃப்ட்பேக்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா மவன், வயசு 13, எட்டாப்பு படிக்கான், வீடு பாளையங்கோட்டைலதான். போன மாசம் ஒரு ட்ரையல்ஸ்ல அவ்வளவு கூட்டத்துல அஞ்சு பயலுவள எடுத்தாங்க, அதுல இவனும் ஒருத்தன். வடக்க தங்கிப் படிக்கிற அகாடமி, சாப்பாடு படிப்பு கோச்சிங் எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்களாம், பத்து நாளுக்குள்ள பதில் சொல்லணும். அத்தான் வேண்டவே வேண்டாங்காவ, அக்கா ஒரு நாள் சரிங்கா மறுநாள் அழுதா, பய பந்த தலமாட்டுல வச்சிக்கிட்டு தூங்குதான்.

2025 நவம்பர் கடைசில அகமதாபாத்ல நம்ம அண்டர் 17 பசங்க ஈரானை 2-1ன்னு ஜெயிச்சாங்கல்லா, முதல்ல கோல் வாங்கிட்டு பொறவு ரெண்டு போட்டு ஏசியன் கப்புக்கு போனது, அத என் ஃபோன்லதான் பாத்தான். முடிஞ்சதும் ‘மாமா நானும் அந்த நீலச் சட்ட போடணும்’னு ஒரே வார்த்த, வேற ஒண்ணும் பேசல. எனக்கு அன்னைலேர்ந்து தூக்கம் இல்ல. 2017ல டெல்லில உலகக் கோப்பை ஆடின பயலுவள நாம எல்லாரும் கொண்டாடினோம், அவங்க வாழ்க்கை என்ன ஆச்சுன்னு விவரமா தெரிஞ்சவங்க சொல்லுங்க. அனுப்பலாமா, கூடாதா?

உவரி_கோலி:
தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு, அனுப்பு. நான் அம்மன்புரம் மைதானத்துலயும் கடற்கரை மணல்லயும் கோலி நின்னவன், எங்க ஊர்ல அந்தோணியார் கோவில் கொடியேத்தம் வந்தா டோர்னமெண்ட் நடக்கும், அதுக்கு பொறவு அடுத்த கொடியேத்தம் வரைக்கும் பந்த தொட நாதியில்ல. எனக்கு 16 வயசுல ஒருத்தர் கூப்பிட்டாரு, எங்கய்யா விடல, இப்ப கப்பல்ல வேல பாக்கேன். பணத்துக்கு குறைச்சல் இல்ல. ஆனா எந்த துறைமுகத்துல இறங்கினாலும் பயலுவ பந்து ஆடினா அங்கன அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுதான் போவேன்.

2017 டீமுல கேப்டன் யாரு? அமர்ஜித் சிங். மணிப்பூர் பய. அவங்கம்மா மீன் விக்கிறவங்க. நம்ம ஊர்ல காலைல கூடைய தூக்கிட்டு வாராங்களே, அந்த மாதிரி. அனிகேத் ஜாதவோட அப்பா கோலாப்பூர்ல ஆட்டோ ஓட்டினவரு. சஞ்சீவ் ஸ்டாலின் வீட்ல பெங்களூருல ரோட்டோரம் துணி வித்தாங்க. இந்த வீட்டுப் பிள்ளைகதான் இந்தியா கொடிய நெஞ்சுல குத்திக்கிட்டு நேரு ஸ்டேடியத்துல நின்னாங்க. ஊர்லயே இருந்திருந்தா யாருக்கு இவங்க பேரு தெரியும்?

வள்ளியூர்_பிஇடி:
உவரித் தம்பி சொல்லுத ஆதங்கம் எனக்கு புரியுது, ஆனா பேரு தெரியறதும் ஆட்டக்காரன் ஆகுறதும் வேற வேற. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பி.இ.டி. வாத்தியாரா இருந்துட்டு சொல்லுதேன்.

அந்த டீம் ஆடின மூணு மேட்சையும் நான் உக்காந்து பாத்தேன். அமெரிக்காகிட்ட 0-3, கொலம்பியாகிட்ட 1-2, கானாகிட்ட 0-4. தைரியத்துல குறையில்ல. கடைசி அரை மணி நேரத்துலதான் வித்தியாசம் தெரிஞ்சுது, அந்தப் பசங்க பந்து வரதுக்கு முன்னாலயே அடுத்தது எங்க போடணும்னு முடிவு பண்ணிட்டாங்க, நம்ம பசங்க பந்த வாங்கிட்டு யோசிச்சாங்க. அது ஓட்டத்துல வாரதில்ல, கோச்சு சொல்லிக் குடுத்தும் வாரதில்ல, வாராவாரம் தோக்க பயப்படுற மாதிரி மேட்ச் ஆடி ஆடி வாரது. நாம என்ன செஞ்சோம், பயலுவள ஊர்லேர்ந்து பிரிச்சு கோவால கேம்ப் போட்டு, வெளிநாடு டூர் கூட்டிட்டு போயி, நடுவுல ஜெர்மன் கோச்ச மாத்தி போர்ச்சுகல் கோச் நார்டன் டி மாடோச கொண்டு வந்து, இப்படி ஒரு செடிய தொட்டியிலயே வளத்தோம். அதே வயசு கொலம்பியா பய அங்க கிளப்புல சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ஆடிக்கிட்டு இருந்தான்.

நம்ம நாட்டோட முதல் உலகக் கோப்பை கோல் அக்டோபர் 9ஆம் தேதி 82ஆவது நிமிஷம் விழுந்துதுல்லா, ஸ்டாலின் கார்னர், ஜீக்சன் சிங் தலை. அந்த ஜீக்சன் அந்த நீண்ட கேம்ப்லயே வளந்த பய இல்ல. கடைசி நேரத்துல மினர்வா கிளப்புலேர்ந்து உள்ள வந்தவன். இத யாரும் சொல்ல மாட்டேங்காங்க.

உவரி_கோலி:
சார், மினர்வாவும் அகாடமிதானே? அவனும் மணிப்பூர்லேர்ந்து கிளம்பி சண்டிகர் போயிதானே ஆடினான்? நீங்க சொன்ன உதாரணமே என் பக்கம்தான் நிக்கி.

வள்ளியூர்_பிஇடி:
அகாடமி வேண்டாம்னு நான் எங்க சொன்னேன். மேட்ச் ஆடுற அகாடமியான்னு கேளுன்னு சொல்லுதேன்.

நெல்லை_நீலம்:
என்னத்துக்கு இந்த விவாதம். சீனியர் டீம் 2025 அக்டோபர்ல மட்கான்ல சொந்த மண்ணுல சிங்கப்பூர்கிட்ட 1-2ன்னு தோத்து 2027 ஏசியன் கப்புக்கே போகல. அடுத்த மாசம் டாக்கால வங்கதேசத்துக்கிட்டயும் 0-1. செப்டம்பர்ல தொடங்க வேண்டிய ஐஎஸ்எல், நம்ம நாட்டு பெரிய லீக்கு, அந்த வருஷம் முடியுறவரை தொடங்கவே இல்ல. ஆட்டக்காரங்க சம்பளத்துக்கு கையேந்தி நின்னாங்க. இந்த நிலைமைல ஒரு 13 வயசு பயல படிப்ப விட்டுட்டு போகச் சொல்லுதது பாவம். அத்தான் சொல்லுததுதான் சரி.

பாளை_லெஃப்ட்பேக்:
நீலம் அண்ணே, படிப்ப விட மாட்டான், அங்க ஸ்கூல் சேத்து விடுவாங்கன்னு சொல்லியிருக்காங்க. ஆனா ஹிந்தி மீடியமா இங்கிலீஷ் மீடியமா கேக்கல. நல்லவேள ஞாபகப்படுத்துனிய.

மேலப்பாளையம்_10:
அதத்தான் முதல்ல கேக்கணும் மாப்ள. நானும் பத்தாம் நம்பர் சட்ட போட்டவன்தான், யுனிவர்சிட்டி வரைக்கும் போனேன், இப்ப கடை. என் மவனுக்கு 12 வயசு, நல்லா ஆடுதான், நான் அனுப்ப மாட்டேன். ஏன்னு சொல்லுதேன்.

2017ல 21 பேர எடுத்தாங்க. ஜீக்சன், அன்வர் அலி, சுரேஷ் சிங், அபுயா, ரஹீம் அலி, அமர்ஜித், கேரளா ராகுல் எல்லாம் சீனியர் இந்தியா சட்ட போட்டுட்டாங்க, ஒத்துக்கிடுதேன், சின்ன விஷயம் இல்ல. ஆனா அந்த 21க்கு முன்னால எத்தன கேம்ப்ல எத்தன பயலுவ வந்து, ரெண்டு வருஷம் இருந்து, ஒரு நாள் காலைல ‘நீ கிளம்பு’ன்னு டிக்கெட் குடுத்து அனுப்பிருப்பாங்க? அவன் 15 வயசுல ஊருக்கு வரும்போது ஸ்கூல் போச்சு, கூட்டாளி போயிட்டான், தெருவுல எல்லாரும் ‘என்னல, இந்தியா டீமு என்னாச்சு’ன்னு கேப்பாங்க. நம்ம தெருவ பத்தி எனக்குத் தெரியும். அந்தக் கேள்விய என் பய கேக்க வேண்டாம்.

இன்னொண்ணு. 17 வயசுக்கும் 21 வயசுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. அதத் தாண்டத்தான் ஃபெடரேஷன் இந்தியன் ஏரோஸ்னு ஒரு டீம் வச்சிருந்தது, சின்னப் பயலுவள மட்டும் வச்சு ஐ-லீக்ங்கிற நாட்டு லீக்ல ஆட வச்சாங்க, அந்த 2017 பசங்க பாதிப் பேரு அதுலதான் ஆடினாங்க. 2022ல அதையும் மூடிட்டாங்க. இனிமே கிளப்புக்காரன் எடுத்தா உண்டு, இல்லனா இல்ல.

உவரி_கோலி:
பத்தாம் நம்பர், அனுப்புனா திரும்பி வந்துருவானோன்னு பயப்படுதிய. அனுப்பாட்டி என்ன ஆகும்னும் சொல்லுங்க. அந்த 21 பேருல மணிப்பூர் பயலுவ மட்டும் எட்டுப் பேரு. தமிழ்நாடு எத்தன? ஒருத்தன் கூட இல்ல! எட்டுக் கோடி பேரு இருக்க மாநிலம், மணிப்பூர் மொத்தமே சுமார் முப்பது லட்சம். நம்ம பயலுக்கு கால் இல்லயா, மூச்சு இல்லயா? நாம அனுப்பல. அதான் விஷயம். எல்லா அப்பனும் உங்கள மாதிரியே யோசிச்சா அடுத்த தடவயும் சைபர்தான்.

வள்ளியூர்_பிஇடி:
தம்பி, அங்கன தான் நீ தப்பா கணக்கு போடுத. மணிப்பூர்ல எட்டு வந்தது அனுப்புனதால இல்ல. அங்க தெருவுக்கு ஒரு கிளப்பு, ஒவ்வொரு ஊருக்கும் லீக்கு, பொம்பளயாளு கடைய மூடிட்டு மேட்ச் பாக்க வாராங்க. பய பத்து வயசுக்குள்ள நூறு நல்ல மேட்ச் ஆடிருதான். பொறவுதான் அகாடமி.

நம்ம ஜில்லாவுல என்ன நடக்கு? நான் வேலைல இருக்கும்போது ஒரு வருஷம் முழுக்க ஒரு பயலுக்கு எத்தன மேட்ச்னு நோட்டுல எழுதி வச்சேன். மண்டலப் போட்டி ஒண்ணு, நாக்அவுட்டு, முதல் மேட்ச் தோத்தா வீடு. பொறவு மாவட்டம். நல்ல டீம்ல இருந்த பயலுக்கே ஏழு மேட்ச், மத்தவனுக்கு ஒண்ணு ரெண்டு. வருஷத்துக்கு ரெண்டு மேட்ச்! அதுலயும் 25 நிமிஷ ஆட்டம், மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, சோத்துப் பொட்டலம் வாரதுக்குள்ள முடிக்கணும்னு. டிசம்பர் வந்தா அரையாண்டு, பொறவு பத்தாப்புப் பயல கிரவுண்டு பக்கமே விட மாட்டாங்க, பி.இ.டி. பீரியடு கணக்கு வாத்தியாருக்கு போயிரும். ஒரு ஹெட்மாஸ்டர்கிட்ட நான் சண்ட போட்டேன், ‘சார், வாரத்துல ரெண்டு பீரியடுதான் இருக்கு, அதையும் எடுத்தா நான் எதுக்கு’ன்னு. அவர் சொன்னாரு, ரிசல்ட் குறஞ்சா என்னத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க, உங்கள இல்லன்னு. அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, அதான் இன்னும் வலிக்கி.

அதனால எனக்கு இந்த நேஷனல் யூத் டீம்னாலே ஒரு கோவம். மேல ஒரு டீம நல்லா சோடிச்சு வெளிநாடு அனுப்புதாங்க, கீழ பய வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் ஆடுதான்.

குற்றாலச்சாரல்:
இவ்வளவு நேரமா படிச்சேன், ஒருத்தரும் பொம்பளப் பிள்ளைகள பத்தி பேசல. நான் தென்காசி, காலேஜ் டீம்ல ஸ்டாப்பர், நடு டிஃபெண்டர்.

2022ல அண்டர் 17 பொண்ணுங்க உலகக் கோப்பை நம்ம நாட்டுல நடந்துது, ஞாபகம் இருக்கா? அமெரிக்காகிட்ட 0-8, மொராக்கோ 0-3, பிரேசில் 0-5. அன்னைக்கு எங்க காலேஜ் குரூப்லயே எத்தன மோசமான மெசேஜ் தெரியுமா, பொண்ணுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு. கேப்டன் அஸ்தம் ஓராவ்ன் ஜார்க்கண்ட் மலைக் கிராமத்துப் பொண்ணு, அவ ஊருக்குப் போட்ட ரோட்டு வேலைல அவ அப்பா அம்மாவே கூலிக்கு கல்லு சுமந்தாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. அந்த வீட்டுலேர்ந்து வந்து பிரேசில் முன்னால நின்னவள நாம கேலி பண்ணோம். அதுக்கு ரெண்டு மாசம் முன்னால ஆகஸ்ட்ல ஃபிஃபா நம்ம ஃபெடரேஷனையே சஸ்பெண்ட் பண்ணி, போட்டி நடக்குமா நடக்காதான்னு பிள்ளைக பதறி, பொறவு பத்து நாள் கழிச்சு நீக்குனாங்க. அந்தக் கூத்துக்கு யார் மார்க்கு குறைச்சா? மார்க்கு குறஞ்சது எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

ஆனா மூணு வருஷத்துல பாருங்க, 2025ல அண்டர் 20 பொண்ணுங்க யாங்கூன்ல மியான்மர 1-0 ஜெயிச்சு ஏசியன் கப்புக்கு தகுதி, அக்டோபர்ல அண்டர் 17 பொண்ணுங்க உஸ்பெகிஸ்தான 2-1 ஜெயிச்சு ஏசியன் கப்புக்கு தகுதி, சீனியர் அக்காமார் தாய்லாந்த அவங்க ஊர்லயே ஜெயிச்சு போயிட்டாங்க. 0-8 வாங்குனதோட நிறுத்தியிருந்தா இது வந்திருக்குமா? அதனால தோல்விய காட்டி அனுப்பாதன்னு சொல்லுதத நான் ஒத்துக்கிட மாட்டேன் நீலம் அண்ணே.

அதே நேரம் பி.இ.டி. சார் சொல்லுதது நூத்துக்கு நூறு. எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் கூட இல்ல, எதிர்ல ஆட டீம் வேணுமே. எங்க ஸ்டாப்பர் ப்ராக்டிஸ் எல்லாம் அண்ணன்மார் கூடத்தான். தமிழ்நாட்டுப் பொண்ணுங்க 2018லயே மணிப்பூர ஃபைனல்ல அடிச்சு நேஷனல் ஜெயிச்சாங்க, மதுரை சேது எஃப்சி 2019ல இந்திய லீக்கையே ஜெயிச்சுது. மணிப்பூர அடிக்க முடியும்னு காட்டுனது இங்க பொண்ணுங்கதான், இத ஆம்பளையாளுங்க யாரும் சொல்ல மாட்டீங்க.

மேலப்பாளையம்_10:
தங்கச்சி சொன்னது நெத்தியடி. சேது எஃப்சி விஷயம் நான் மறந்தேபோனேன், மன்னிக்கணும்.

உவரி_கோலி:
நானும் அத ஒத்துக்கிடுதேன். ஆனா பி.இ.டி. சார்கிட்ட ஒரு கேள்வி. கோவில்பட்டி ஹாக்கிய பத்தி என்ன சொல்லுவிய? 2022 ஆசியக் கோப்பைல இந்தியாவுக்கு ஆடின மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரன், கார்த்தி அரியலூர்க்காரன். கார்த்தி அரியலூர்லேர்ந்து கோவில்பட்டி விடுதிக்கு வந்து தங்கிதானே ஆடினான்? சின்ன வயசுல வீட்ட விட்டு வந்தவன்தானே? அவங்கப்பா அம்மா அனுப்புனாங்கல்லா?

வள்ளியூர்_பிஇடி:
நல்ல கேள்வி, இதுக்கு யோசிச்சுதான் பதில் சொல்லணும். ஆமா, அனுப்புனாங்க. ஆனா எங்க அனுப்புனாங்கன்னு பாரு. கோவில்பட்டில டீக்கடைல உக்காந்தா ஹாக்கி பேசுவாங்க, செயற்கைத் தரை மைதானம் இருக்கு, மே மாசம் அகில இந்திய டோர்னமெண்ட் வந்தா ஊரே கேலரில இருக்கும், பய விடுதிலேர்ந்து வெளிய வந்தாலும் ஹாக்கிக்குள்ளயேதான் இருக்கான். மொழி தெரியும், அம்மா ஒரு பஸ்ஸுல வந்து பாத்துட்டு போவா. விடுதி இருந்ததால இல்ல, ஊரு இருந்ததால வந்தான்.

நம்ம பக்கத்துல ஃபுட்பாலுக்கு அப்படி ஊரு எதுன்னா, கன்னியாகுமரி கடற்கரைதான், தூத்தூர் பக்கம். இரயுமன்துறை மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்துதான் வந்தாரு, அண்ணன் ரெஜினும் ஐ-லீக் ஆடினவரு. சூசைராஜ் 2017-18ல சென்னை சிட்டி கிளப்புக்கு ஆடினத பாத்தவனுக்குத் தெரியும், அந்த இடது கால் எந்த கேம்ப்லயும் செஞ்சதில்ல, ஏழு பேரு ஆடுற செவன்ஸ் மைதானத்துல பத்து பெரியவங்க காலுக்கு நடுவுல தப்பிச்சு தப்பிச்சு வந்தது.

நெல்லை_நீலம்:
அந்த சூசைராஜுக்கே 2020ல சீசன் முதல் மேட்ச்லயே முட்டி போச்சு. அன்வர் அலி கதைய யாரும் சொல்லலயே. 2017 டீம் டிஃபெண்டர், 2018ல ஸ்பெயின்ல அர்ஜென்டினா அண்டர் 20ய நம்ம பசங்க 2-1 அடிச்சப்ப ஃப்ரீகிக்ல கோல் போட்டவன். அடுத்த வருஷமே இதயத்துல கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்க, 2020ல ஆடக்கூடாதுன்னு ஃபெடரேஷன் நிறுத்தச் சொல்லிருச்சு. 20 வயசு பய கோர்ட்டுக்குப் போயித்தான் ஆட வேண்டியதாப் போச்சு.

உவரி_கோலி:
கோர்ட்டுக்குப் போயி திரும்பி வந்து சீனியர் இந்தியாவுக்கு ஆடினான். அந்த மீதிக் கதையையும் சேத்து சொல்லுங்க நீலம்.

குற்றாலச்சாரல்:
அண்ணே ரெண்டு பேரும் சண்ட போடாதிய. லெஃப்ட்பேக் அண்ணே, இதுல உங்களுக்கு எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்க அனுப்பினாலும் அனுப்பாட்டியும் பயலுக்கு ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துருங்க. ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிலயே எடுக்கலாம்.

வள்ளியூர்_பிஇடி:
பொறந்த தேதியையும் பாருங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு பய, பேரு வேண்டாம், அருமையான ஸ்ட்ரைக்கர், வீட்ல அஞ்சு வயசு ஆகலன்னாலும் ஒண்ணாப்புல சேக்கணும்னு ஜூன் 1னு எழுதி விட்டுட்டாங்க. பேப்பர்ல ஒரு தேதி, நெஜத்துல ஒரு தேதி. ஒரு செலக்‌ஷன்ல மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாத்தாங்க, அதுல பய தப்பிச்சான், ஆனா சர்டிபிகேட்டும் ஸ்கூல் ரெக்கார்டும் ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பய தப்பு ஒண்ணுமே இல்ல. நான் அவன ஜங்ஷன்ல இறக்கி வீட்டுக்கு கூட்டிட்டு வந்தேன், வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல.

பாளை_லெஃப்ட்பேக்:
எல்லார் சொன்னதையும் அக்காவுக்கும் அத்தானுக்கும் வாசிச்சுக் காட்டினேன். பொறந்த சர்டிபிகேட் எடுத்து பாத்தோம், ஸ்கூல் தேதியும் அதுவும் ஒண்ணுதான். ஈசிஜி திங்கக்கிழமை.

அகாடமிக்கு ஃபோன் பண்ணி பி.இ.டி. சார் கேக்கச் சொன்னத கேட்டேன், வருஷத்துக்கு எத்தன மேட்ச், யார் கூட. ஃபோன எடுத்தவர் ‘நாங்க தினமும் ரெண்டு வேள ட்ரெயினிங் குடுக்கோம்’னாரு. சார் மேட்ச் எத்தனைன்னு திரும்பக் கேட்டேன், லிஸ்ட் அனுப்புதேன்னாரு, ரெண்டு நாளாச்சு, வரல. பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம்தானாம். நடுவுல அனுப்பிட்டா என்ன வகுப்புல எந்த சர்டிபிகேட்டோட அனுப்புவியன்னு பத்தாம் நம்பர் அண்ணன் சொன்னத கேட்டதுக்கு அவருக்கே கொஞ்சம் தடுமாறிருச்சு.

அத்தான் இப்ப முன்ன மாதிரி இல்ல, லிஸ்ட் வரட்டும் பாப்போங்காவ. அதுவே பெருசு.

வள்ளியூர்_பிஇடி:
முப்பது மேட்சுக்கு மேல லிஸ்ட்ல இருந்தா அனுப்பு, நானே முதல் ஆளா சொல்லுதேன். அதுக்கு கீழன்னா ஒரு வருஷம் பொறு. ஞாயித்துக்கிழமை காலைல வள்ளியூருக்கு கூட்டிட்டு வா, ரிட்டயர் ஆன நாலு வாத்தியாருங்க சேந்து ஆறு ஊர் பயலுவள வச்சு ஒரு சின்ன லீக் ஓட்டுதோம், நாக்அவுட் கிடையாது, தோத்தாலும் அடுத்த வாரம் மேட்ச் உண்டு. பாளை பயலுவளுக்கு டீம் இல்ல, அவன் பத்துப் பேர சேத்துட்டு வந்தா ஏழாவது டீம்.

மேலப்பாளையம்_10:
சார், என் மவனும் வாரான். எட்டாவது டீமுக்கு மேலப்பாளையத்துல ஆளு நான் சேக்கேன்.

உவரி_கோலி:
நான் இன்னும் அனுப்பத்தான் சொல்லுவேன், 2026 மே மாசம் சவுதில அந்த அண்டர் 17 பசங்க ஆடும்போது இவனும் பாப்பான், அப்ப இவன் மொகத்த பாத்து நீங்க எல்லாரும் பதில் சொல்லணும். லிஸ்ட் வந்ததும் இங்க போடு தம்பி. பயலுக்கு பூட்ஸ் சைஸ் என்ன? நான் ஜனவரில கொடியேத்தத்துக்கு ஊருக்கு வாரேன், வரும்போது வாங்கிட்டு வாரேன். புல்லுக்கு வேண்டாம், வள்ளியூர் தரைக்கு தக்கன ஸ்டட் பாத்து எடுக்கணும், அத மட்டும் சார்கிட்ட கேட்டு சொல்லு.

பாளை_லெஃப்ட்பேக்:
சைஸ் 5 அண்ணாச்சி. ஆறா எடுத்துருங்க, பய வளந்துக்கிட்டே இருக்கான்.